43 வயதில் ஓட்டோகேட் வகுப்பு: விட்டுவிடலாமா?

கேள்வி: நான் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவன். வயது 43. இருபது வருடமாகக் கொழும்பிலும் ஊரிலும் மேசன் வேலை செய்கிறேன். வீட்டுப் பிளான் வரையப் பழகினால் வெயில் மழையில் நிற்காமல் பிழைக்கலாமே என்று ஹட்டனில் ஞாயிறு வகுப்பொன்றில், கணினியில் பிளான் வரையும் ஓட்டோகேட் மென்பொருளைப் படிக்கச் சேர்ந்தேன். மனைவி சீட்டு எடுத்துக் கட்டணம் கட்டினார். வகுப்பில் எல்லாரும் ஏ.எல். முடித்த பிள்ளைகள். சேர் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் வரைந்து முடித்துவிடுகிறார்கள். நான் எந்த இடத்தை அழுத்துவது என்று தேடிக்கொண்டே இருப்பேன். இரண்டு கிழமையாக வகுப்புக்குப் போகவில்லை. வீட்டில் சொல்லவும் இல்லை. இந்த வயதில் இது எனக்குச் சரிவருமா?
(பெயர் வேண்டாம், மஸ்கெலியா)

பதில்: அன்புச் சகோதரருக்கு,

விட வேண்டாம். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. உங்கள் கடிதம் முழுக்க வேகத்தைப் பற்றித்தான் இருக்கிறது. பிளானில் உள்ள சுவரோ கதவோ படியோ விளங்கவில்லை என்று நீங்கள் ஓரிடத்திலும் எழுதவில்லை. அந்தப் பிள்ளைகளுக்குக் கை ஓடுகிறது, உண்மைதான். ஆனால் கதவு, ஜன்னலுக்கு மேலே போடும் லின்டல் எந்த உயரத்தில் வரும், அத்திவாரம் சுவரைவிட எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும், கதவு எந்தப் பக்கம் திறந்தால் கட்டிலில் இடிக்கும் என்பதெல்லாம் அவர்கள் இனிமேல்தான் படிக்க வேண்டும். கை வேகம் பழகப் பழக வந்துவிடும். வீட்டை அறிந்துகொள்ளத்தான் வருடக்கணக்கு ஆகும். அதை நீங்கள் ஏற்கெனவே செய்துவிட்டீர்கள்.

சரி, எங்கே தடுமாறுகிறீர்கள் என்று பார்ப்போம். ஓட்டோகேட் திரையின் அடியில் நீளமாக ஒரு வரி இருக்கும். கொமாண்ட் லைன் என்பார்கள். பின்தங்குகிற பலர் அதைப் பார்ப்பதே இல்லை. சேரின் கையையும் மேலே உள்ள படங்களையும் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் ஒரு கட்டளை கொடுத்ததும் அந்த வரி உங்களிடம் கேள்வி கேட்கும். ‘எல்’ அடித்து என்டர் அழுத்தினால் ‘ஸ்பெசிஃபை ஃபர்ஸ்ட் பொயிண்ட்’ என்று வரும். கோடு எங்கே தொடங்குகிறது என்று கேட்கிறது. ‘செலக்ட் ஒப்ஜெக்ட்ஸ்’ என்று வந்தால் எந்தக் கோட்டைச் சொல்கிறீர்கள், தொட்டுக் காட்டுங்கள் என்று அர்த்தம். தொட்டுக் காட்டிய பிறகு பெரும்பாலான கட்டளைகளில் இன்னொரு என்டர் வேண்டும். அந்த என்டரை அழுத்தாமல், கணினி நின்றுவிட்டது என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் ஏராளம். கேள்வியின் கடைசியில் கூரான அடைப்புக்குள் ஒரு விடை இருக்கும்; அதுவே போதுமென்றால் வெறும் என்டர் அழுத்துங்கள். குழம்பிவிட்டால் எஸ்கேப். பிழையாகிவிட்டால் ‘யு’ அடித்து என்டர் அழுத்தினால் ஒரு படி பின்னால் போகும். சுவரென்றால் இடித்துக் கட்ட வேண்டியிருக்கும், இங்கே அந்தப் பயமே வேண்டாம்.

இந்த வரியில் திரும்பத் திரும்ப வரும் ஆங்கிலச் சொற்கள் அதிகமில்லை. ஒரு கொப்பியில் ஒரு பக்கம் ஒதுக்கி, வரும்போதெல்லாம் தமிழில் பொருளோடு எழுதி வையுங்கள். வேகமாகச் செய்வதை விட்டுவிட்டு முதலில் அந்தக் கேள்விகளை வாசிக்கப் பழகுங்கள். நான் சொல்ல விரும்புவதில் முக்கியமானது இதுதான்.

வகுப்பில் ஒரு மாதிரியும் வேறு கணினியில் வேறு மாதிரியும் நடந்தால் உங்கள் மூளையைச் சந்தேகிக்க வேண்டாம். கோட்டை வெட்டும் ‘டிஆர்’ கட்டளை 2021 பதிப்பிலிருந்து மாறிவிட்டது. புதியதில் வெட்ட வேண்டிய துண்டைத் தொட்டதும் வெட்டுப்படும். பழையதில் எந்தக் கோடு வரை வெட்டுவது என்று முதலில் கேட்கும். எல்லாக் கோட்டையும் எடுத்துக்கொள் என்பதற்கு அங்கே இன்னொரு என்டர். எந்தப் பதிப்பு என்று சேரிடம் கேட்டு வையுங்கள்.

அளவும் உங்களைத் தடுமாறச் செய்திருக்கும் என்று நினைக்கிறேன். நீங்கள் அடி, அங்குலத்தில் வாழ்ந்தவர். வகுப்பில் மில்லிமீட்டரில் வரைவார்கள். சேர் 900 என்றதும் மனதுக்குள் மூன்று அடி என்று மாற்றி முடிப்பதற்குள் அவர் அடுத்த சுவருக்குப் போயிருப்பார். ஒரு அடி 304.8 மில்லிமீட்டர், ஒரு அங்குலம் 25.4. ஆனால் ட்ரோயிங்கில் 9 அங்குலச் சுவரை 225 என்றும், 3 அடிக்கு 7 அடிக் கதவை 900க்கு 2100 என்றும் எடுப்பார்கள். அடிக்கடி வருகிற அளவுகளை ஒரு அட்டையில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டால் பாதிப் பாரம் குறையும். வரையும்போது எப்போதும் உண்மையான அளவிலேயே வரையுங்கள். ஒன்றுக்கு நூறு என்று சிறிதாக்கும் கணக்கெல்லாம் தாளில் எடுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் எஃப்8, எஃப்3 என்ற இரண்டு விசைகள். நூல் கட்டி 3-4-5 போட்டு மூலை செங்கோணமா என்று பார்ப்பவருக்கு இவற்றின் அருமை உடனே விளங்கும். எஃப்8 போட்டால் கோடு கோணாது. எஃப்3 போட்டால் ஒரு கோடு மற்றதன் முனையைச் சரியாகப் பிடிக்கும். அது அணைந்திருந்தால் மூலை சேர்ந்த மாதிரித்தான் தெரியும். பெரிதாக்கிப் பார்த்தால் இடைவெளி இருக்கும்.

வகுப்புப் பயிற்சிக்கு வெளியே உங்களுக்கென்று ஒரு வேலை தருகிறேன். லயக் காம்பரா (தோட்டத்து வரிசை வீட்டின் ஓர் அறை) ஒன்றை வரையுங்கள். பழைய காம்பராக்கள் பெரும்பாலும் பத்துக்குப் பன்னிரண்டு அடி. செவ்வகம் வரையும் ‘ஆர்இசி’ அடித்து ஒரு மூலையைத் தொட்டு, அட் குறியோடு (@) 3048, 3658 என்று கொடுங்கள். இணைகோடு போடும் ‘ஓ’ அடித்துச் சுவரின் தடிப்பை வெளிப்பக்கம் கொடுங்கள். வாசலை வெட்டித் திறந்து கதவைப் போடுங்கள். முன்னால் இஸ்தோப்பு (விறாந்தை). ஒன்று முடிந்ததும் ‘சிஓ’ கட்டளையால் வரிசையாகப் பிரதி எடுங்கள். எவ்வளவு தூரத்தில் அடுத்ததை வைப்பது? உள் அகலம் 3048, பொதுச்சுவர் 225, ஆக 3273. அப்படி வைத்ததும் காம்பராக்கள் சேரும் இடத்தில் வேண்டாத துண்டுக் கோடுகள் நீட்டிக்கொண்டு நிற்கும். அவற்றை வெட்டுவதற்குள் ‘டிஆர்’ கைக்கு வந்துவிடும். பிறகு ‘எம்ஐ’ கட்டளையால் முழு வரிசையையும் பின்பக்கம் புரட்டினால் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயம் கிடைக்கும். எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த அந்தக் கட்டடத்தை அங்கேயே பிறந்த ஒருவர் அளவோடு வரைய வேண்டுமென்று எனக்கு உண்மையிலேயே ஆசை. அது முடிந்ததும் தோட்டங்களில் கட்டித்தருகிற 550 சதுர அடி வீட்டை எடுங்கள்.

வகுப்பு இன்னும் கொஞ்சம் போனால் வெட்டுமுகம் (கட்டடத்தையும் நிலத்தையும் மேலிருந்து கீழாக வெட்டினால் தெரியும் படம்) வரும். சரிவை எங்கே வெட்டுவது, அணைச்சுவர் எங்கே வேண்டும், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும் என்று அங்கேதான் காட்ட வேண்டும். மண்சரிவு அபாயம் இருப்பதால் வீடு கட்டத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி கேட்கிற பிரதேசம் நம்முடையது. சரிவில் நின்று வேலை செய்த ஒருவர் வரையும் வெட்டுமுகத்துக்கு இங்கே தேவை இருக்கிறது.

கண்ணைப் பரிசோதித்தீர்களா? 40 தாண்டினால் வெள்ளெழுத்து வருவது சாதாரணம். கறுப்புத் திரையில் மெல்லிய கோடும் பொடி எழுத்தும் தெரியாமல் தடுமாறுவதை, தலைக்கு ஏறவில்லை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அடுத்த வகுப்புக்கு முன்பே பாருங்கள்.

சேரிடம் ‘விளங்கவில்லை’ என்று மட்டும் சொன்னால் அவருக்கும் எங்கே தொடங்குவதென்று தெரியாது. ‘சேர், செலக்ட் ஒப்ஜெக்ட்ஸ் என்று நிற்கிறது, அடுத்தது என்ன?’ என்று கேளுங்கள். அவர் திரையைப் போனில் வீடியோ எடுக்க அனுமதி கேட்பதிலும் தவறில்லை. வீட்டில் பழைய மடிக்கணினி ஏதாவது கிடைத்தால் லிப்ரேகேட் என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பழகலாம். கட்டளைகள் சில வேறுபட்டாலும் வரையும் முறை ஒன்றுதான்.

மனைவியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். சீட்டுப் பணத்தை உங்களை நம்பித்தான் கட்டினார். வகுப்பு கஷ்டமாக இருக்கிறது, இரண்டு கிழமை போகவில்லை, வருகிற ஞாயிறு போகிறேன் என்று சொன்னால் போதும். இதை ஒளித்து வைத்திருப்பதுதான் உங்களுக்கு இப்போது பெரிய சுமை.

கடைசியாக, அந்தப் பாடநெறி மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா, முடிவில் என்விகியூ (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் உண்டா என்று விசாரியுங்கள். உங்கள் மேசன் வேலைக்கும் என்விகியூ எடுக்க வழி இருக்கிறது: திரும்பப் படிக்க வேண்டியதில்லை, ஏற்கெனவே உள்ள அனுபவத்தை நேரில் மதிப்பிட்டுத் தருவார்கள். நைட்டா (தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை) அலுவலகத்தில் கேளுங்கள். மேசன் சான்றிதழும் ட்ரோயிங் சான்றிதழும் ஒருவர் கையிலேயே இருந்தால், ஒப்பந்தக்காரர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது அந்த இருபது வருடமும் சேர்ந்து கணக்குக்கு வரும்.