வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் இடம் இருக்கிறது. தோட்டம் போட முதலில் என்னென்ன கருவிகள் வாங்க வேண்டும்?

பெட்டியில் அடுக்கி விற்கும் ‘தோட்டக் கருவி செட்’ ஒன்றை வாங்கிவிடலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். வேண்டாம். மண்வெட்டி, களைக்கொத்து, கிளை வெட்டும் கவாத்துக் கத்தரி, பூவாளி, இந்த நான்கும் போதும். மற்றதெல்லாம் தேவை வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவு அடித்துச் சொல்லக் காரணம் உண்டு. எனக்கு அப்படியொரு செட் பரிசாக வந்தது. பளபளவென்று இருந்தது. ரோஜாச் செடியை இடம் மாற்ற அதிலிருந்த கைக்கரண்டியை வேரடியில் விட்டு நெம்பினேன். பிடியும் தகடும் சேரும் கழுத்தில் அப்படியே மடங்கிவிட்டது. மெல்லிய தகட்டைக் கம்பியோடு வைத்துப் பொட்டு வெல்டிங் அடித்திருக்கிறார்கள். அப்பாவின் பழைய களைக்கொத்தை எடுத்துத்தான் வேலையை முடித்தேன். பட்டறையில் காய்ச்சி அடித்த இரும்பு அது. காம்பு மாறியிருக்கிறது, இரும்பு அதேதான்.

அதனால் எதை எடுத்தாலும் முதலில் கழுத்தைப் பாருங்கள். அடுத்தது காம்பு. மர ரேகை நுனிக்கு நுனி நேராக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் அந்த இடத்தில்தான் முறியும். ஸ்டெயின்லெஸ்தானே நல்லது என்று சிலர் சண்டைக்கு வரலாம். துருப்பிடிக்காது, உண்மைதான். ஆனால் கார்பன் ஸ்டீலில் அரம் போட்டால் சட்டென்று கூர் ஏறும். மண்ணைத் துடைத்து எண்ணெய் தடவி வைத்தால் அதுவும் வருடக்கணக்கில் உழைக்கும். விலை அதிகமானதை வாங்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எண்ணிக்கையைக் குறைத்து, வாங்குவதை உருப்படியாக வாங்கச் சொல்கிறேன்.

கவாத்துக் கத்தரியில் இரண்டு வகை. ஒன்றில் அலகுகள் ஒன்றையொன்று உரசித் தாண்டிப் போகும். பச்சைக் கிளைக்கு அதுதான். இன்னொன்றில் கத்தி ஒரு தட்டையான அடித்தகட்டின் மேல் வந்து உட்காரும். அது இளம் தண்டை நசுக்கிவிடும், காய்ந்த குச்சிக்குத்தான் ஆகும். 2 செ.மீ.க்கு மேல் பருமன் என்றால் கைவாளால் அறுங்கள். நோய் கண்ட செடியை வெட்டியபின் 70 சதவீத ஆல்கஹாலில் அலகைத் துடைத்துவிட்டு அடுத்த செடிக்குப் போங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. வீடு கட்டி முடித்தவர்கள் உடைந்த செங்கல், சிமென்ட் கட்டி எல்லாவற்றையும் உள்ளே புதைத்து, மேலே ஒரு சாண் நல்ல மண்ணைப் பரப்பிவிட்டுப் போகிறார்கள். எங்கள் வீட்டிலும் அதே கதை. சிமென்ட் கலந்த மண்ணில் காரத்தன்மை ஏறும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. நரம்பு மட்டும் பச்சையாக, இலை மஞ்சளடித்து நிற்கும். நாம் உரம் போதவில்லை என்று கொட்டிக்கொண்டே இருப்போம்.

கடைக்குக் கிளம்பும் முன் ஒரு கம்பியால் நாலைந்து இடத்தில் ஆழக் குத்திப் பாருங்கள். ‘டங்’கென்று இடித்தால் பட்டியலில் கடப்பாரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.