4294967297 பகா எண்ணா? இல்லையென்றால், கணினி இல்லாத காலத்தில் அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

பகா எண் இல்லை. 641 × 6700417 என்று அது உடையும்.

இந்த எண் 2³² + 1. 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா 3, 5, 17, 257, 65537 என்ற வரிசையைப் பார்த்தார். 2இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால் வருபவை இவை. ஐந்தும் பகா எண்கள். அடுத்து வரும் நம் எண்ணும், அதற்குப் பின் வருபவையும் அப்படியே இருக்கும் என்று நம்பினார். 1732இல் சுவிஸ் கணித அறிஞர் ஆய்லர் அந்த நம்பிக்கையை உடைத்தார்.

கண்ணில் பட்ட எண்ணால் எல்லாம் வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. இதன் பகாக் காரணி எதுவானாலும் அதை 64ஆல் வகுத்தால் மீதி 1 வரும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641... ஐந்தாவதிலேயே விடை கிடைத்துவிடுகிறது!

சரி, பெரிய வகுத்தல் செய்யாமலே 641 வகுக்கும் என்று காட்ட முடியுமா? முடியும். எனக்கு மிகவும் பிடித்த நிரூபணம் இது. 641ஆல் வகுத்து வரும் மீதியை மட்டும் கவனியுங்கள். 641 = 5×2⁷ + 1 என்பதால், 5×2⁷ என்பது 641ஐ விட ஒன்று குறைவு; மீதிக் கணக்கில் அது −1க்குச் சமானம். இரண்டு பக்கமும் நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴×2²⁸ என்பது 1 ஆகிறது. அப்புறம், 641 = 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. ஆகவே 5⁴க்குப் பதில் −2⁴ போடலாம். −2³² என்பது 1க்குச் சமானம் என்று வருகிறது. அதாவது 2³² + 1இன் மீதி பூஜ்யம்.

மற்றக் காரணியான 6700417உம் பகா எண்தான், அதனால் இதற்கு மேல் உடையாது. 65537க்குப் பிறகு ஃபெர்மாவின் வரிசையில் இன்னொரு பகா எண் இன்றுவரை கிடைக்கவில்லை.