மலைப்பாதையில் வாந்தி வருமா? மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லுங்கள்

பித்தப்பை ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுத்தால் கண் விழிப்பேனா என்று, ஒரு வீடியோ பார்த்துப் பயந்து எழுதியிருக்கிறீர்கள். முன்பு தைராய்டு ஆபரேஷன் முடிந்த அன்று ராத்திரி முழுக்க வாந்தி எடுத்தீர்கள் என்பதற்காக, இப்போது கண் விழிக்காமல் போய்விட மாட்டீர்கள் அம்மா. அது அலர்ஜியும் இல்லை, 'மயக்க மருந்து உடம்புக்கு ஒத்துக்கலை' என்பதும் இல்லை. அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதை நிறுத்துங்கள்.

கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, ஏற்காட்டிலிருந்து சேலம் வருவதற்குள் 20 கொண்டை ஊசி வளைவுகளில் குடல் புரட்டிவிடும் என்று, அதுதான் எனக்கு முக்கியம். பெண்ணாக இருப்பது, புகைபிடிக்காதது, பயண வாந்தியோ முந்தைய ஆபரேஷன் வாந்தியோ இருப்பது, ஆபரேஷனுக்குப் பின் மார்ஃபின் வகை வலி மருந்து தேவைப்படுவது ஆகிய 4 காரணங்களும் சேர்ந்தால், தடுப்பு மருந்து இல்லாமல் 100 பேரில் சுமார் 80 பேருக்குக் குமட்டலோ வாந்தியோ வரும். உங்களிடம் 3 உறுதியாக இருக்கின்றன. இதை மயக்க மருந்து டாக்டரிடம் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

சொன்னால் அவர் முறையை மாற்றலாம். மூச்சு வழியாகக் கொடுக்கும் செவோஃப்ளூரேன் போன்ற மயக்க வாயுக்களும் நைட்ரஸ் ஆக்சைடும் குமட்டலைக் கூட்டும். அவற்றைத் தவிர்த்து, புரோபோஃபால் என்ற மயக்க மருந்தை ரத்தக் குழாய் வழியாகவே கடைசிவரை கொடுத்தால் வாந்தி கணிசமாகக் குறையும். கூடவே வாந்தியைத் தடுக்க ஆரம்பத்தில் டெக்ஸாமெத்தசோன், முடியும்போது ஆன்டான்செட்ரான் கொடுக்கலாம். டெக்ஸாமெத்தசோன் சர்க்கரையை ஏற்றலாம் என்பதால், சர்க்கரை நோய் இருந்தால் அதையும் மறைக்காதீர்கள். முதுகில் ஊசி போட்டால் போதாதா என்கிறீர்கள். சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி ஆபரேஷனில் வயிற்றை வாயுவால் உப்ப வைப்பதால், பெரும்பாலும் முழு மயக்கமே கொடுப்பார்கள்.

பஸ் பயண வாந்திக்குப் போடும் அவோமின் மாத்திரையை அன்று காலை நீங்களாகப் போடக் கூடாது. தண்ணீரை முதல் நாள் மாலையே நிறுத்தவும் வேண்டாம். மருத்துவமனையில் சொல்லும் நேரம்வரை குடிக்கலாம். பால் காபி தண்ணீர்க் கணக்கில் வராது.

முதல் 24 மணி நேர வாந்தியைக் கண்டு பயப்படாதீர்கள். அது நின்று, வீடு போன பிறகு மறுபடி தொடங்கினால்தான் விஷயம் வேறு. வயிறு உப்பி, வலி ஏறி, காற்றுப் பிரியாமல், பச்சையாக வாந்தி வந்தாலோ, காய்ச்சலோ கண்ணில் மஞ்சளோ சேர்ந்தாலோ, அது மயக்க மருந்தின் வேலை இல்லை. பித்தநீர்க் கசிவோ குடல் கோளாறோ இருக்கலாம். மருந்துக்கடையில் வாந்தி மாத்திரை வாங்கிப் போட்டால், உள்ளே நடப்பது வெளியே தெரியாமல் போகலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல், ஆபரேஷன் செய்த டாக்டருக்குப் போன் போட்டுவிட்டு ராத்திரியே கிளம்பிவிடுங்கள்.