மச்சான் சொல்லும் இன்டெல், மகள் சொல்லும் தைவான்

கேள்வி: கோத்தகிரி பக்கம் இரண்டரை ஏக்கர் தேயிலை, கொஞ்சம் கேரட் வைத்திருக்கிறேன். இந்தத் தடவை கேரட் நல்ல விலைக்குப் போனதில் கையில் 6 லட்சம் நிற்கிறது. பெங்களூரில் ஐ.டி.யில் இருக்கும் என் மச்சான், "அமெரிக்காவின் கம்ப்யூட்டர் சிப் கம்பெனி இன்டெல் பங்கை வாங்குங்க. அதன் போட்டிக் கம்பெனி ஏ.எம்.டி. 2 டாலருக்குக் கீழே கிடந்து எழுந்த மாதிரி இதுவும் எழும். அமெரிக்க அரசாங்கமே பத்து சதவீதம் வாங்கியிருக்கு, மூழ்க விடமாட்டாங்க" என்கிறார். கோவையில் இன்ஜினீயரிங் படிக்கும் மகளோ, "சிப் தயாரிக்கும் தைவானின் டி.எஸ்.எம்.சி.யை இன்டெல்லால் பிடிக்கவே முடியாதுப்பா" என்கிறாள். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலே இதே சண்டை. யார் பேச்சைக் கேட்பது? கிசான் கிரெடிட் கார்டில் 2 லட்சம் பாக்கி இருக்கிறது. ஜூனில் மகளுக்கு ஃபீஸ் கட்ட வேண்டும்.

பதில்: கடைசி இரண்டு வரியைக் கேள்வியின் தலையில் எழுதியிருந்தால் என் வேலை பாதி முடிந்திருக்கும். அங்கே பிறகு வருகிறேன். சண்டையை முதலில் பார்ப்போம், அதிலும் விஷயம் இருக்கிறது.

ஏ.எம்.டி., என்விடியா மாதிரி சிப் கம்பெனிகள் எல்லாம் உங்களைப் போல. சிப்பின் வடிவமைப்புதான் அவர்கள் பறிக்கும் பச்சை இலை. சொந்த ஃபேக்டரி கிடையாது. டி.எஸ்.எம்.சி. ஃபேக்டரி மட்டும் வைத்திருக்கிறது, சொந்தத் தோட்டம் கிடையாது; யார் இலை கொண்டுவந்தாலும் செய்து கொடுக்கும். (உங்கள் ஃபேக்டரி இலையை விலைக்கு வாங்குகிறது, இவர்கள் மாவு மில் மாதிரி கூலிக்குச் செய்து திருப்பித் தருகிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.) இன்டெல் பழைய காலத்துப் பெரிய எஸ்டேட். தோட்டமும் சொந்தம், ஃபேக்டரியும் சொந்தம். இலை வரத்து நன்றாக இருக்கும்வரை அதைவிட லாபம் எதுவும் இல்லை. வரத்து குறைந்தால்? டிரையருக்கு விறகு, கரண்ட், ஆள் கூலி எதுவும் குறையாது.

2024-ல் நடந்தது அதுதான். ஃபேக்டரிப் பிரிவில் மட்டும் 1,340 கோடி டாலர் நஷ்டம். கம்பெனி மொத்தமாக 1,880 கோடி டாலர் நஷ்டம். 1986-க்குப் பிறகு முதல் வருட நஷ்டம். டிவிடெண்டை நிறுத்துகிறோம், 15,000 பேரைக் குறைக்கிறோம் என்று அறிவித்த மறுநாள், ஆகஸ்ட் 2 அன்று, பங்கு ஒரே நாளில் 26 சதவீதம் சரிந்தது. இப்போது வெளி இலையையும் எடுக்கிறோம் என்கிறார்கள். ஆனால் பக்கத்து எஸ்டேட்காரர் தன் நல்ல கொழுந்தைப் போட்டியாளரின் ஃபேக்டரிக்கு லேசில் அனுப்புவாரா? உங்கள் மகள் பிடித்திருப்பது இந்த நூலைத்தான். 2025 செப்டம்பரில் என்விடியா 500 கோடி டாலர் போடுவதாக அறிவித்ததை மச்சான் சொல்வார். அது இருவரும் சேர்ந்து சிப் உருவாக்கும் ஏற்பாடு. இன்டெல் ஃபேக்டரிக்கு இலை தருகிறோம் என்று என்விடியா அதில் வாக்குக் கொடுக்கவில்லை.

ஏ.எம்.டி. உதாரணம் பாதிதான் பொருந்தும். அது 2009-லேயே ஃபேக்டரிகளை அபுதாபி அரசின் முதலீட்டுக் கம்பெனியோடு சேர்ந்து தனிக் கம்பெனியாகக் கழற்றிவிட்டது. 2014-ல் லிசா சூ தலைமைக்கு வந்தார். 2017-ல் அதன் ரைசன் சிப் வந்தது; 2019-ல் டி.எஸ்.எம்.சி.யின் 7 நானோமீட்டர் தொழில்நுட்பத்துக்குப் போனது (இந்த எண் சிறியதாக ஆக, சிப் நுட்பமானது). அதே சமயம் இன்டெல் தன் 10 நானோமீட்டரில் வருடக்கணக்காகத் திணறியது. எதிராளி தடுக்கி விழுந்ததும் ஏ.எம்.டி.க்கு அடித்த யோகம். 2022 பிப்ரவரியில் சந்தை மதிப்பில் இன்டெலையே தாண்டியது. இன்டெலுக்கு அப்படி ஒரு யோகம் வர, டி.எஸ்.எம்.சி. தடுக்க வேண்டும். சுமையைக் கழற்றிவிட்டு ஓடியவன் கதையை, சுமையோடு ஓடுகிறவனுக்கு அப்படியே சொல்ல முடியாது.

அடுத்து, 'அரசாங்கம் விடாது'. இதை வேறு எங்கே சொன்னாலும் சரி, நீலகிரியில் உட்கார்ந்து சொல்லலாமா? உதகை இந்து நகரில் இருந்த ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் மத்திய அரசுக் கம்பெனிதான். 1960-ல் தொடங்கி, 1967-ல் உற்பத்தி வந்து, 1996-ல் நலிந்த தொழிற்சாலை என்று அறிவிக்கப்பட்டது. அதற்கப்புறமும் பல வருடம் இழுத்துக்கொண்டு கிடந்து மூடினார்கள். அங்கே வேலை பார்த்த பெரியவர் ஒருவர் என்னிடம் வருவார். எக்ஸ்ரே ஃபிலிம் வந்த தட்டை அட்டைப்பெட்டியில்தான் தன் டெபாசிட் ரசீதுகளை அடுக்கி வைத்திருக்கிறார். பங்குப் பேச்சை எடுத்தாலே பெட்டியை மூடிவிடுவார்.

அமெரிக்க அரசு கொடுத்த 890 கோடி டாலரும் பெரும்பாலும் ஏற்கெனவே தருவதாகச் சொன்ன மானியம், பங்காக மாறியது. அதற்காக 43 கோடிக்கு மேல் புதுப் பங்குகளை, ஒன்று 20.47 டாலர் என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். பழைய பங்குதாரர்களின் பங்கு அந்த அளவு நீர்த்துப்போனது. மச்சான் உங்களை வாங்கச் சொல்லும் விலை, அரசாங்கம் வாங்கிய விலையைவிட மேலே. கம்பெனி பிழைப்பது வேறு, உங்கள் பணம் பிழைப்பது வேறு. 2000-ல் 75 டாலர் வரை போன இன்டெல் பங்கு, 2024 கடைசியில் 20 டாலரில் நின்றது. அந்த 24 வருடமும் கம்பெனி உயிரோடுதான் இருந்தது.

ஏறாது என்று நான் சொல்லவில்லை. இரட்டிப்பாகலாம். மேட்டுப்பாளையம் மண்டியில் கேரட்டும்தான் இரட்டிப்பாகிறது; அதை நம்பி நீங்கள் ஃபீஸ் தேதி குறிப்பீர்களா?

ஒரு தொல்லையை மச்சான் சொல்லியிருக்க மாட்டார். பச்சை இலையும் கேரட்டும் விவசாய வருமானம். இதுவரை வருமான வரி ரிட்டர்ன் பக்கமே நீங்கள் போகாமல் இருந்திருக்கலாம். ஒரே ஒரு வெளிநாட்டுப் பங்கு உங்கள் பெயரில் இருந்தாலும் ரிட்டர்ன் கட்டாயம், அதில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையும் நிரப்ப வேண்டும். வருமானம் வரம்புக்குக் கீழே என்பது இதற்குச் சாக்கு ஆகாது. விற்று லாபம் வந்தால், 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் 12.5 சதவீத வரி; அதற்குள் விற்றால் உங்கள் வரி அடுக்குப்படி. வருடத்துக்கு 10 லட்சத்துக்குள் வெளிநாட்டுக்கு அனுப்பினால், பேங்கே முன்கூட்டிப் பிடிக்கும் டி.சி.எஸ். வரி கிடையாது, அந்த ஒன்றுதான் நிம்மதி.

இப்போது உங்கள் 6 லட்சம். 2 லட்சம் நேராகக் கிசான் கார்டுக்கு. கெடுவுக்குள் கட்டினால்தான் வட்டி 4 சதவீதம். தவறினால் அந்தச் சலுகை போய்விடும். ஃபீஸும் ஹாஸ்டலும் எவ்வளவோ, அதை இன்றே குறுகிய கால டெபாசிட்டில் போடுங்கள். அடுத்த போகத்துக்கு விதை, உரம், மருந்துச் செலவையும் ஒதுக்குங்கள். இலை விலை படுத்தால் வீட்டுக்கு ஆறு மாதச் செலவு வேண்டும். இவ்வளவும் போக என்ன மிஞ்சும் என்று பாருங்கள். என் கணக்கில் 50,000 தேறினால் அதிகம். அதில் பாதிக்கு மேல் ஒரே சிப் கம்பெனியில் போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், அது இன்டெல் ஆனாலும் டி.எஸ்.எம்.சி. ஆனாலும்.

மச்சானிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: அவர் கையில் இன்டெல் பங்கு எத்தனை இருக்கிறது, என்ன விலைக்கு வாங்கினார்? பதில் வந்ததும் எனக்கும் எழுதுங்கள்.