மெஷின் அடியில் பொக்கு: கிரவுட் பற்றிய கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சார், எங்கள் ஃபேனுக்கு பேலன்ஸ் செய்தாயிற்று, மோட்டார் தண்டும் ஃபேன் தண்டும் நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று அலைன்மென்ட்டும் இரண்டு தடவை பார்த்தாயிற்று. ஆட்டம் குறையவே இல்லை. மெஷின் பிளேட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் ஊற்றி இறுகவிட்ட கிரவுட்தான் காரணமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: மெஷின் ஓடும்போதே வைப்ரேஷன் மீட்டரை மேலிருந்து கீழாக வைத்துக்கொண்டே வாருங்கள்: மோட்டார் கால், அது நிற்கும் இரும்புத் தகடான பேஸ்பிளேட், கிரவுட், கான்கிரீட். எல்லாம் ஒட்டியிருந்தால் அளவு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறையும். பிளேட்டில் வினாடிக்கு 6 மி.மீ. இருந்து, ஒட்டினாற்போல் உள்ள கிரவுட்டில் 1 மி.மீ. என்று தடாலென விழுந்தால், அங்கேதான் பிரிந்திருக்கிறது.

அப்புறம் மெஷினை நிறுத்திவிட்டு ஒரு சின்னச் சுத்தியலை எடுங்கள். சந்தையில் பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவதில்லையா, அதே வேலைதான். கெட்டியான இடம் 'தொப்'பென்று அடங்கும். பொக்கான இடம், அதாவது அடியில் வெற்றிடம் உள்ள இடம், 'டங்'கென்று அதிரும். சாக்பீஸால் எல்லை வரைந்துகொள்ளுங்கள். இந்தப் படம் இல்லாமல் டிரில்லைத் தொடாதீர்கள்.

கேள்வி: பொக்கு இருப்பது உறுதியாகிவிட்டது. துளை போட்டு, கிரீஸ் கன்னால் எபாக்ஸி (இறுகிக் கெட்டியாகும் பிசின்) ஏற்றலாமா அண்ணே?

பதில்: ஏற்றலாம், கை மட்டும் நிதானமாக இருக்க வேண்டும். ஒரு கணக்குச் சொல்கிறேன். 30 செ.மீ.க்கு 30 செ.மீ. பொக்கில் 1 பார் அழுத்தம் கொடுத்தாலே பிளேட்டை மேலே தள்ளும் விசை 900 கிலோவைத் தாண்டும். 10 பார் என்றால் 9 டன். கையால் அடிக்கும் கிரீஸ் கன் நூற்றுக்கணக்கான பார் கொடுக்கும். ஒரு ஆலையில் நாங்கள், பிளேட் நகர்வதை முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைக்காமல், 'இன்னும் நாலு அடி' என்று அடித்துவிட்டோம். காலையில் பார்த்தால் பிளேட் மேலே தூக்கியபடியே எபாக்ஸி இறுகிவிட்டது. அலைன்மென்ட் போயிற்று, அதைச் சரிசெய்யவே மூன்று நாள்.

அதனால் ஒவ்வொரு பொக்குக்கும் குறைந்தது இரண்டு துளை: ஒரு முனையில் ஏற்ற, மறுமுனையில் காற்று வெளியேற. பிளேட்டின் மேல் டயல் கேஜ் முள் நிற்கட்டும், அதன் ஸ்டாண்டு பிளேட்டைத் தொடக் கூடாது. முள் 0.05 மி.மீ. நகர்ந்தால் கையை எடுத்துவிடுங்கள். மணல் கலக்காத, தண்ணீர்போல் ஓடும் எபாக்ஸிதான் வேண்டும். மறு துளையில் குமிழி இல்லாமல் வழிந்தால் அந்த இடம் நிரம்பிவிட்டது. அடைத்துவிட்டு அடுத்த பொக்குக்குப் போகலாம். நன்றாக இறுகிய பிறகு மறுபடி தட்டிப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் பம்ப்பில் பல வருஷமாக எண்ணெய் ஒழுகி, கிரவுட் கறுத்து உதிர்கிறது. இதற்கும் ஊசி போடலாமா?

பதில்: வேண்டாம். எண்ணெய் ஊறிய இடத்தில் எதுவும் ஒட்டாது. ஒழுக்கை முதலில் நிறுத்துங்கள். பிறகு பம்ப்பைத் தூக்கிவிட்டு, ஜல்லி உடைந்த முகம் சுத்தமாகத் தெரியும்வரை கொத்தி எடுங்கள். புதிதாக ஊற்றுவது சிமென்ட் கிரவுட் என்றால், முந்தின நாளே கான்கிரீட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, ஊற்றும் முன் தேங்கியதை ஒற்றி எடுக்க வேண்டும். எபாக்ஸி என்றால் நேர்மாறு: துளி ஈரம் ஆகாது. இதைக் குழப்பிக்கொண்டு எபாக்ஸிக்குத் தண்ணீர் தெளித்த மேஸ்திரிகளை நான் பார்த்திருக்கிறேன்.

எதுவானாலும் ஒரே பக்கத்திலிருந்து ஊற்றுங்கள். இரண்டு பக்கமும் ஊற்றினால் நடுவில் காற்று மாட்டிக்கொள்ளும், அதாவது நீங்களே புதுப் பொக்கு செய்கிறீர்கள்.

கேள்வி: புது எபாக்ஸி கிரவுட்டில், பிளேட் மூலையிலிருந்து விரிசல் கிளம்புகிறது. உடைத்தெடுக்கச் சொல்கிறார்கள்.

பதில்: அவசரப்படாதீர்கள். சூட்டில் எபாக்ஸி கான்கிரீட்டைவிட இரண்டு, மூன்று மடங்கு விரியும். பிளேட் மூலை கூராக இருந்தால் விரிசல் அங்கேதான் தொடங்கும். அடுத்த முறை மூலையை 50 மி.மீ. ஆரத்துக்கு உருட்டிவிடுங்கள். இப்போதைக்குத் தட்டிப் பாருங்கள். சத்தம் கெட்டியாக இருந்தால், எண்ணெய் இறங்காதபடி விரிசலை அடைத்தால் போதும்.

கேள்வி: கிரவுட் ஊற்றும் முன் பிளேட்டைத் தாங்கி லெவல் செய்த ஜாக் போல்ட்டுகளை அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: கூடாது. கிரவுட் இறுகியதும் தளர்த்திவிடுங்கள். இல்லாவிட்டால் பாரம் போல்ட் முனைகளில்தான் நிற்கும், கிரவுட் சும்மா கிடக்கும். ஊற்றும் முன்பே மரைகளில் கிரீஸ் தடவியிருந்தால் சுலபமாகச் சுழலும். தடவவில்லையா? சரி, நீளமான ஸ்பேனரும் இரண்டு ஆட்களும் தேடிக்கொள்ளுங்கள்.