"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

கேள்வி: எங்கள் வாசகர் வட்டத்தில் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். மாதம் ஒரு நூல் என்பது கணக்கு. இந்த மாதம் அயர்லாந்து எழுத்தாளர் சாலி ரூனியின் 'நார்மல் பீப்பிள்' நாவலைப் படித்தோம். அதில் வரும் காதலர்கள் கானெல், மரியான் இருவரில் ஒருவர் வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கதை அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும் என்று பாதிப் பேர் அலுத்துக்கொண்டார்கள். இனிமேல் காதல் கதைகளே வேண்டாம், கனமான நூல்களை மட்டும் எடுக்கலாம் என்றும் பேச்சு வந்துவிட்டது. எனக்கு நாவல் பிடித்திருந்தது. ஏன் என்று எடுத்துச் சொல்லத்தான் தெரியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அந்தப் பாதிப் பேரிடம் ஒன்று கேளுங்கள். எந்த வார்த்தை அது? வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.

நான் சொல்கிறேன். "என்னிடம் வாடகைக்குப் பணம் இல்லை. கோடை முடியும்வரை உன் வீட்டில் தங்கிக்கொள்ளட்டுமா?" இதுதான் அந்த ஒரு வார்த்தை. டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் படிக்கும் கானெல், உணவகத்தில் வேலை பார்த்து வாடகை கட்டுகிறான். கோடையில் அங்கே அவனுடைய வேலை நேரத்தைக் குறைத்துவிடுகிறார்கள். அறையைக் காலி செய்வதைத் தவிர வழியில்லை. பெரும்பாலான இரவுகள் மரியானின் வீட்டில்தான் கழிகின்றன. அவன் துணிமணிகூட அங்கே கிடக்கிறது. கேட்டால் மறுக்க மாட்டாள் என்பதும் அவனுக்குத் தெரியும். ஆனாலும் கேட்கவில்லை. ஊருக்குப் போக வேண்டியிருக்கிறது என்று மட்டும் சொல்கிறான். அவனுக்குத் தன்னோடு இருக்க விருப்பமில்லை என்று அவள் எடுத்துக்கொள்கிறாள். நீ இனி வேறு யாருடனாவது பழக விரும்புவாய் என்று அவன் சொல்ல, சரி என்று அவளும் சொல்லிவிடுகிறாள். பிரிந்துவிடுகிறார்கள். அன்று நடந்தது வாடகைப் பிரச்சினை என்று அவளுக்குத் தெரிய வருவது நெடுநாள் கழித்து, இத்தாலியில்.

எனக்கு இந்தக் காட்சியைத் தாண்டிப் போக முடியவில்லை. ஊரிலிருந்து சென்னைக்குப் படிக்க வந்த இரண்டாம் ஆண்டில், மெஸ் பாக்கி ஏறிக்கொண்டே போன ஒரு மாதம் எனக்கும் இருந்தது. நண்பன் வீட்டு மாடியில் ஓர் அறை சும்மா கிடந்தது. தினமும் மாலை அங்கே போவேன். "சாப்பிட்டாயாப்பா?" என்று அவன் அம்மா கேட்பார்கள். "ஆயிற்று அம்மா" என்பேன். அந்த அம்மா கேட்டு, நான் பொய் சொல்லாத நாள் அந்த மாதத்தில் ஒன்றுகூட இல்லை. கேட்டிருந்தால் தட்டு வந்திருக்கும், மாடி அறையும் கிடைத்திருக்கும். உங்கள் வட்டத்தில் இப்படி ஒரு மாதத்தைக் கடந்து வந்தவர் நிச்சயம் ஒருவராவது இருப்பார். அவர் அன்று எந்தப் பக்கம் பேசினார் என்பதைக் கவனித்தீர்களா?

கானெலுக்கு இதைவிடப் பெரிய முடிச்சு ஒன்று இருக்கிறது. அவன் அம்மா லொரெய்ன், மரியானின் வீட்டில் துப்புரவு வேலை செய்பவள். நாவலின் முதல் காட்சியிலேயே, சமையலறையில் ரப்பர் கையுறையைக் கையிலிருந்து உரித்துக் கழற்றிக்கொண்டிருக்கிறாள் லொரெய்ன். வேலை முடிந்த அம்மாவை அழைத்துப்போக மகன் வந்திருக்கிறான். அந்த வீட்டுப் பெண், ஸ்பூன் போட்டே திறந்து வைத்திருக்கும் சாக்லேட் ஜாடியை எடுத்துத் தின்றுகொண்டே அவனிடம் பேசுகிறாள். எந்தக் குடும்பம் அம்மாவுக்குக் கூலி கொடுக்கிறதோ, அதே குடும்பத்துக்குச் சொந்தமான டப்ளின் வீட்டில் வந்து தங்கட்டுமா என்று மகன் கேட்க வேண்டும். "ஒரு வார்த்தைதானே" என்றால் எப்படி?

முதல் மௌனம் இதற்கு நேர்மாறானது என்பதையும் பாருங்கள். அவர்களுடைய ஊர் ஸ்லைகோ மாவட்டத்தின் கேரிக்லீ. அந்தச் சிற்றூர்ப் பள்ளியில் கானெல் எல்லாருக்கும் வேண்டியவன், கால்பந்து ஆடுகிறவன். பணக்கார வீட்டு மரியானோடு ஒருவரும் சேர்வதில்லை. அதனால் அவளோடு இருக்கும் உறவை ஒளிக்கிறான். பள்ளி முடிவில் நடக்கும் நடன விருந்துக்கு ரேச்சல் என்ற வேறொரு பெண்ணை அழைக்கிறான். விஷயம் தெரிந்ததும் லொரெய்ன் காரிலிருந்து இறங்கிக்கொண்டு, பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறேன் என்கிறாள். மகனை நினைத்து வெட்கப்படுகிறேன் என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள். நாவலில் நான் தலைவணங்கும் ஒரே ஆள் இவள்தான். அவள் துடைத்துப் பெருக்கும் வீட்டின் பெண்ணுக்காக, பெற்ற மகனையே உதறிவிட்டு நடந்து போகிறாள். விருந்து இரவில் எரிக் என்ற நண்பன் சொல்லித்தான் கானெலுக்குத் தெரிகிறது: ஊருக்கே அந்த உறவு தெரியும், யாரும் அதைப் பொருட்படுத்தவும் இல்லை. ஒன்றுக்கும் உதவாத ரகசியத்துக்காக ஒரு பெண்ணைப் பலி கொடுத்திருக்கிறான். இந்த மௌனத்துக்கு உங்கள் நண்பர்கள் அவனைத் திட்டட்டும், நானும் சேர்ந்துகொள்கிறேன். வாடகை மௌனத்தையும் இதையும் ஒரே தராசில் வைக்காதீர்கள் என்பதுதான் என் வழக்கு.

கதை நடப்பது 2011 ஜனவரியிலிருந்து 2015 பிப்ரவரி வரை. இந்த ஆண்டுகளை ஆசிரியர் ஒவ்வொரு அத்தியாயத் தலைப்பிலும் பொறித்து வைத்திருக்கிறார். 2008இல் அயர்லாந்தின் வீட்டுமனைச் சந்தையும் வங்கிகளும் சரிந்தன. 2010 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியமும் பன்னாட்டு நாணய நிதியமும் முன்னின்று 8,500 கோடி யூரோ மீட்புத் திட்டத்தை அறிவித்தன. ஊர் ஊராகக் கட்டிய வீடுகள் வாங்க ஆளின்றி நின்றன. 'பேய்க் குடியிருப்புகள்' என்று அங்கே அவற்றுக்குப் பெயர். கேரிக்லீயில் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் அப்படி ஒரு குடியிருப்பில் இருவரும் காலி வீட்டுக்குள் நடக்கிறார்கள். விற்க முடியவில்லை என்றால் இவற்றை யாருக்காவது கொடுத்துவிட்டால் என்ன என்று பேச்சு எழுகிறது. பதினெட்டு வயதுப் பிள்ளைகளின் அப்பாவிக் கேள்வி. அதைப் படித்த கையோடு, டப்ளினில் ஓர் அறைக்கு வழியில்லாமல் அவன் பெட்டி கட்டும் பக்கங்களைப் படித்துப் பாருங்கள்.

பிறகு இருவருக்கும் கல்லூரி உதவித்தொகை கிடைக்கிறது. மரியானுக்கு அது ஒரு பாராட்டு. கானெலுக்கோ வாடகை, கல்விக் கட்டணம், தினமும் ஒரு வேளை இலவசச் சாப்பாடு. திடீரென்று அவன் வியன்னாவில் வெர்மீரின் ஓவியத்தின் முன் ஒரு பிற்பகலைக் கழிக்கலாம். வெளியே வந்து வெயிலுக்கு இதமாக ஒரு கிளாஸ் பீர் குடிக்கலாம். இத்தனை நாள் வரைபடத்தில் மட்டும் இருந்த ஊர்கள் பணம் வந்ததும் நிஜமாகிவிடுகின்றன என்று அவன் நினைக்கும் இடத்தில் எனக்கு நெஞ்சடைத்தது.

காதலுக்கு நடுவில் காசு வந்து நிற்பது நம் சங்க கால அகப்பாட்டுக்காரர்களுக்குப் புதிதில்லை. பொருள்வயிற் பிரிவு என்று இதற்குத் துறையே வகுத்தார்கள். அன்பையும் அருளையும் விட்டுப் பொருள் தேடிப் போகிறவன் அறிவாளி என்றால் அவனே அறிவாளியாக இருக்கட்டும், நான் பேதையாகவே இருக்கிறேன் என்று சொல்லும் தலைவி குறுந்தொகையில் இருக்கிறாள். நாவலின் கடைசியில் கானெலுக்கு நியூயார்க்கில் எழுத்துப் பயிற்சி படிக்க இடம் கிடைக்கிறது. போ என்கிறாள் மரியான். அது ஓதற் பிரிவு, படிப்புக்காகப் பிரிவது. காதலையும் காசையும் ஒரே பாட்டில் வைத்துப் பேசிய மொழியில் பிறந்துவிட்டு, காதல் கதை கனமில்லாதது என்று தீர்மானம் போடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

'கனமான நூல்' என்ற ஆசையைப் பற்றியும் நாவலிலேயே பதில் இருக்கிறது. கானெல் நூலகத்தில் ஜேன் ஆஸ்டினின் 'எம்மா'வைப் படிக்கிறான். நாயகியின் கல்யாணம் என்ன ஆகுமோ என்று பதறும் கட்டத்தில் நூலகத்தைப் பூட்டும் நேரம் வந்துவிடுகிறது. கதை மனிதர்கள் யாரைக் கட்டிக்கொண்டால் என்ன, இதற்குப் போய் இப்படிக் கலங்குகிறோமே என்று கூச்சப்படுகிறான். ஆனாலும் கலக்கம் போகவில்லை. பின்னால் ஓர் எழுத்தாளரின் வாசிப்புக் கூட்டத்துக்குப் போகிறான். வந்திருப்பவர்களுக்குப் புத்தகம் என்பது தங்களைப் பண்பட்டவர்களாகக் காட்டிக்கொள்ளும் நகை என்று அவனுக்குத் தோன்றுகிறது. இந்த இரண்டு இடங்களையும் அடுத்தடுத்து வட்டத்தில் உரக்கப் படியுங்கள். அடுத்த மாத நூலை எதற்காகத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது தானாகப் பேச்சுக்கு வரும்.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. மரியானின் அண்ணன் ஆலனும் அம்மாவும் கொடுமை செய்வதற்கென்றே வந்து போகிறார்கள். லொரெய்னுக்குக் கிடைத்த உயிர் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. படுக்கையில் தன்னை வதைக்கச் சொல்லும் மரியானின் மனத்தை வீட்டு அடி உதைக்கு நேர்க்கோடு போட்டு விளக்கிவிட்டதும் எனக்கு ஏற்பில்லை. அவள் அதைவிடச் சிக்கலானவள். உரையாடலுக்கு மேற்கோள் குறி போடாததை மட்டும் நான் குறையாகச் சொல்ல மாட்டேன். 'என்றான்', 'என்றாள்' என்ற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு நம் பாட்டிமார் ராத்திரி முழுக்கக் கதை சொன்னார்கள்.

ராப் என்ற பள்ளித் தோழன் தற்கொலை செய்துகொண்ட பின், கானெல் கல்லூரி மனநல ஆலோசகரின் வாசலில் உட்கார்ந்து ஒரு கேள்வித்தாளை நிரப்புகிறான். உள்ளே போய் அழுதுகொண்டே சொல்கிறான்: வேறு வாழ்க்கை கிடைக்கும் என்று ஊரை விட்டு வந்தேன், இந்த இடம் எனக்குப் பிடிக்கவில்லை, இனி அங்கேயும் திரும்ப முடியாது. நாவல் முழுக்கக் கேட்கத் தெரியாமல் நின்றவன், யாரோ ஒருவர் கேட்டதும் பேசிவிடுகிறான்.

உங்களுக்கு ஏன் பிடித்தது என்று தெரியவில்லை என்றீர்கள். முதல் வாக்கியத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள். கானெல் அழைப்பு மணியை அடிக்கிறான். மரியான் வந்து கதவைத் திறக்கிறாள். அம்மா துடைக்கும் வாசல் அது. மகன் மணி அடித்துவிட்டு வெளியே நிற்கிறான்.