ஏதோம் நின்ற இடம்

அன்புள்ள ஐயா,

சென்ற ஞாயிறு எங்கள் சபையில் ஏசாயா 14-ஆம் அதிகாரத்தை வைத்துப் பிரசங்கம் நடந்தது. வானத்திலிருந்து விழுந்த விடிவெள்ளி சாத்தான்தான் என்றார் போதகர். அது பாபிலோன் ராஜாவைக் குறிக்கிறது என்று நான் படித்திருக்கிறேன். எது சரி? தானியேல் 4-இல் நேபுகாத்நேச்சார் மாட்டைப்போலப் புல்லைத் தின்றதற்குச் சரித்திரச் சான்று உண்டா? இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். பாகப்பிரிவினையில் என்னை ஏமாற்றி, ஊரார் முன்னால் அவமானப்படுத்திய என் அண்ணனின் கடை சென்ற மாதம் கடனில் மூழ்கி மூடப்பட்டது. “அழிவுக்கு முன்னானது அகந்தை” என்ற வசனம் கண்முன்னே நிறைவேறியதைக் கண்டு, கர்த்தர் நியாயம் செய்கிறவர் என்று மனம் நிறைந்தது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதல் கேள்விக்கு அந்த அதிகாரத்தின் நான்காம் வசனமே பதில் சொல்லிவிடுகிறது. அது பாபிலோன் ராஜாவின்மேல் சொல்லப்பட்ட பாடல். சாத்தானை அதற்குள் கண்டது பிற்கால வாசிப்பு. இரண்டாவது கேள்வியை விட்டுவிடுகிறேன். கண்களை வானத்துக்கு ஏறெடுத்தபோது அந்த ராஜாவுக்குப் புத்தி திரும்பியது என்பதுதான் அக்கதையின் உயிர். புல்லுக்குச் சான்று தேடுகிறவர்கள் அதைக் கவனிப்பதில்லை.

நான் பதில் எழுத உட்கார்ந்தது உங்கள் கடைசி வரிக்காக. சில வாரங்களாக ஒபதியா தீர்க்கதரிசியின் புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறேன். எபிரேய வேதத்தின் மிகச் சிறிய புத்தகம் அது, மொத்தம் 21 வசனங்கள். சவக்கடலுக்குத் தென்கிழக்கே, செந்நிற மணற்கல் மலைகளில் வாழ்ந்த ஏதோமியருக்கு எதிரான தீர்ப்பு. கன்மலை வெடிப்புகளில் குடியிருந்துகொண்டு, என்னைத் தரையில் விழத்தள்ளுகிறவன் யார் என்று கேட்ட இருதயத்தைப் பற்றி அது தொடங்குகிறது. கழுகைப்போல உயரப்போனாலும் அங்கிருந்தும் விழத்தள்ளுவேன் என்ற நான்காம் வசனத்தோடு நம் பிரசங்கங்கள் பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. அதனால்தான் அகந்தை என்றால் உயரமான வீடும் பெரிய கடையும் உரத்த பேச்சும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

தயவுசெய்து பதினோராம் வசனத்துக்கு வாருங்கள். கி.மு. 586-இல் நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமை அழித்த நாள் அங்கே பேசப்படுகிறது. அன்று ஏதோம் செய்த முதல் குற்றம் என்ன? நின்றது. விலகி, எதிர்ப்புறத்தில் நின்றது என்பதுதான் எபிரேயச் சொல்லின் பொருள். பிறகு பார்த்தது, பிறகு களிகூர்ந்தது, பிறகு பெருமையாய்ப் பேசியது, பிறகு வாசலுக்குள் நுழைந்து ஆஸ்தியில் கைபோட்டது, கடைசியில் தப்பி ஓடியவர்களை வழிச்சந்தியில் மடக்கியது. பதினொன்று முதல் பதினான்கு வரையிலான நான்கு வசனங்களில் ‘நாள்’ என்ற சொல் எபிரேயத்தில் பத்து முறை வருகிறது; ஓயாமல் கதவைத் தட்டுவதைப்போல, உன் சகோதரனுடைய நாளில் நீ என்ன செய்தாய் என்று அது கேட்கிறது. அந்தப் படிகளில் மூன்றாவதில் நீங்கள் நிற்கிறீர்கள், தம்பி. இதைக் கடுமையாகவே சொல்கிறேன்: உங்களைத் தீர்க்கதரிசியின் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு கடிதம் எழுதியிருக்கிறீர்கள், இந்தப் புத்தகத்தில் உங்கள் இடம் ஏதோம்.

அண்ணன் என்னை ஏமாற்றினாரே என்பீர்கள். ஏசாவையும்தான் அவன் தம்பி யாக்கோபு ஏமாற்றினான்! ஏதோமியர் ஏசாவின் பிள்ளைகள், எருசலேமின் ஜனங்கள் யாக்கோபின் பிள்ளைகள். மூத்த மகனுக்குரிய சேஷ்டபுத்திரபாகம் போய், ஆசீர்வாதமும் போய், தகப்பனுக்கு முன்னால் ஏசா மிகவும் மனங்கசந்து அலறி அழுததை ஆதியாகமம் ஒளிக்கவில்லை. ஏதோமின் மனத்தாங்கல் பொய்யல்ல. பாகத்தில் வஞ்சிக்கப்பட்ட வீட்டின் மனத்தாங்கல் அது. ஆனாலும் ஒபதியா அதை ஒரு வார்த்தையில்கூடச் சாக்காக ஏற்கவில்லை. யாக்கோபை அவன் பெயரிட்டு அழைப்பதே “உன் சகோதரன்” என்றுதான். உங்களுக்கு நேர்ந்த அநியாயத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அது உங்கள் அண்ணனுடைய வீழ்ச்சியை உங்கள் பண்டிகையாக்கிவிடாது என்கிறேன்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது என் சித்தப்பாவின் வீடு ஜப்திக்கு வந்தது. பாத்திரங்களையும் தையல் இயந்திரத்தையும் தெருவில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். எதிர்ச்சாரியில் டீக்கடை வாசலில் என் அப்பா நின்றார். நான் அவர் விரலைப் பிடித்திருந்தேன். சித்தப்பாவோடு அப்பாவுக்கு ஆறு வருடங்களாகப் பேச்சில்லை, அதற்கு நியாயமான காரணமும் இருந்தது. “ஆடினான், அடங்கினான்” என்றார் அப்பா, பக்கத்தில் இருந்தவரிடம். என் பாட்டி மட்டும் செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். சித்தி அதை வாங்கிக் குடிக்காமல் முகத்தில் அடித்துக்கொண்டு அழுதாள். அப்பா கெட்டவர் அல்ல, தினமும் வேதம் வாசித்தவர். அன்று அவர் விரல் என் கைக்குள் நடுங்கவே இல்லை என்பது ஐம்பது வருடங்களாக எனக்கு நினைவிருக்கிறது. நானும் அந்தத் தெருவைக் கடக்கவில்லை. சித்தப்பாவின் மகன் என் வகுப்புத் தோழன். தெருவில் கிடந்த தன் புத்தகப்பைமேல் உட்கார்ந்திருந்த அவன் என்னைப் பார்த்தான்.

தீர்க்கதரிசிகள் பக்கத்தில் நிற்கத்தான் வேண்டுமென்றால் ஏசாயா அண்டை நாடான மோவாபைப் பற்றிப் பேசுவதைக் கேளுங்கள். 16-ஆம் அதிகாரத்தின் ஆறாம் வசனத்தில் மோவாபின் பெருமையையும் மேட்டிமையையும் வரிசையாக அடுக்குகிறவர், ஒன்பதாம் வசனத்தில் அதே மோவாபின் திராட்சத்தோட்டங்களுக்காக அழுகிறார். பதினோராம் வசனத்தில் அவர் உள்ளமே சுரமண்டலம்போல் ஒலிக்கிறது. தீர்ப்பை அவர் ஓர் எழுத்தும் குறைக்கவில்லை, கண்ணீரையும் நிறுத்தவில்லை. தாழ்மை என்று நான் புரிந்துகொண்டிருப்பது இதைத்தான்.

ஏதோமும் நிலைக்கவில்லை. எருசலேம் விழுந்து ஒரு தலைமுறைக்குப் பின், ஏதோம் நம்பியிருந்த செலா என்ற கன்மலைக் கோட்டையின் பாறைமுகத்தில் ஒரு பாபிலோனிய மன்னனின் உருவம் செதுக்கப்பட்டது. அது நபோனிதஸ் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பக்கத்து வீட்டை இடித்தவன்தான் இந்த வீட்டுக்கும் வந்தான்.

ஆனால் ஏசா தன் பிள்ளைகளைவிட நல்லவன். வருடங்கள் கழித்து யாக்கோபு நொண்டிக்கொண்டே வந்தபோது, நானூறு பேரோடு எதிரே வந்த ஏசா நின்று பார்க்கவில்லை. ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டான், இருவரும் அழுதார்கள். அண்ணனுடைய கடை மூடியிருந்தால் வீட்டுக்குப் போங்கள். நியாயம் பேச வேண்டாம், வசனமும் சொல்ல வேண்டாம். பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு போங்கள்.

அடுத்த கடிதத்தில் விடிவெள்ளியைப் பற்றி விரிவாகக் கேளுங்கள், எழுதுகிறேன். அண்ணன் எப்படி இருக்கிறார் என்பதையும் அதில் எழுதுங்கள்.